கண்ணாடிக்கு மூலிகை கேட்காதீர்கள்!

"டாக்டர், பையனுக்குக் கண்ணாடி போடச் சொல்லிட்டாங்க. ஏதோ சிலிண்டர் பவராம். உங்க வைத்தியத்துல ஒரு சொட்டு மருந்து கொடுத்து, கண்ணாடியைக் கழட்ட வச்சிடுங்களேன்!"

சித்த மருத்துவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கோரிக்கை இது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நன்றாகப் படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பெண் குழந்தை என்றால் ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும். 'நாளைக்குக் கல்யாணம், காட்சின்னு வந்தா...' என்று இழுப்பார்கள்.

என் பதில் இதுதான். சிலிண்டர் பவருக்கு மருந்து கிடையாது. சித்தத்தில் சொட்டு மருந்து இல்லை, அலோபதியிலும் இல்லை. கண்ணாடிதான் அதற்கு மருந்து.

"சித்த வைத்தியரா இருந்துகிட்டு நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று சிலர் கோபித்துக்கொள்வதுண்டு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, கால் நூற்றாண்டுக்கு மேல் நாடி பிடித்துக்கொண்டிருப்பவன் நான். என் வைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு இருப்பதால்தான், அதனால் ஆகாததை ஆகும் என்று சொல்லக் கூடாது என்கிறேன்.

நோய் வேறு, வடிவம் வேறு

சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களைத் தொண்ணூற்றாறு என்று கணக்கிட்டு வைத்திருக்கின்றன. கண் சிவப்பது, நீர் வடிவது, பீளை தள்ளுவது, எரிச்சல், உறுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் குணம், குறி, மருந்து எல்லாம் உண்டு. ஆனால் சிலிண்டர் பவர் என்பது ஒரு நோயே அல்ல. அது வடிவத்தில் வரும் கோளாறு.

நம் கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. கருவிழி என்கிறோமே, அதுதான். அது ஒரு பந்தின் மேற்புறம் போல எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளைந்திருக்க வேண்டும். சிலருக்கு அப்படி அமைவதில்லை. சாப்பிடும் ஸ்பூனின் முதுகைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு வளைவு, அகலவாக்கில் வேறொரு வளைவு. கருவிழியும் இந்த மாதிரி இருந்தால், உள்ளே போகும் ஒளி ஒரே இடத்தில் குவியாது. மேலும் கீழுமாக வரும் கதிர்கள் ஓரிடத்திலும், இடமும் வலமுமாக வரும் கதிர்கள் வேறிடத்திலும் குவியும். புள்ளி கோடாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'ஆஸ்டிக்மாட்டிசம்', தமிழில் சிதறல் பார்வை.

இதில் வாதம் எங்கே வந்தது, பித்தம் எங்கே வந்தது? கோணிப்போன கதவு நிலைக்கு எண்ணெய் விட்டால் கீல் சத்தம் நிற்கலாம். நிலை நேராகுமா? பொன்னாங்கண்ணியைத் தினமும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. அது கருவிழியின் வளைவை மாற்றும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

தன் கண்ணுக்குத் தானே கணக்குப் போட்டவர்

இந்தக் குறையைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1801-ல் தன் கண்ணிலேயே இதை அளந்து எழுதினார். அதற்குக் கண்ணாடி செய்து போட்டுக்கொள்ள வழி சொன்னவர் ஜார்ஜ் பிடெல் ஏரி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசு வானியலாளராக ஆனவர் இவர். 1825-ல் கேம்பிரிட்ஜில் இருந்த இருபத்து மூன்று வயசு இளைஞர்.

படிக்கும்போது தன் இடது கண் வேலையே செய்வதில்லை என்பதை அவர் கவனித்தார். ஓர் அட்டையில் ஊசித் துளை போட்டு, அதன் வழியே வரும் வெளிச்சத்தை அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தார். அட்டையை நகர்த்திக்கொண்டே போனால், ஒரு தூரத்தில் துளை ஒரு கோடாகத் தெரிந்தது. இன்னொரு தூரத்தில் அதற்குக் குறுக்கான கோடாகத் தெரிந்தது. அந்த இரண்டு தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் சாதாரணக் குழி லென்ஸ், மறுபக்கம் அம்மிக் குழவியை மாவில் அழுத்தினால் பதியுமே, அந்த மாதிரி நீளவாக்கில் ஒரு பள்ளம். இப்ஸ்விச் ஊரில் ஃபுல்லர் என்ற கண்ணாடிக்காரர் அதை அப்படியே தேய்த்துக் கொடுத்தார். ஏரியின் இடது கண் பார்க்கத் தொடங்கியது.

'சிலிண்டர்' என்ற பெயர் இந்தக் குழவி வடிவத்தால் வந்ததுதான். குழவியின் நீளவாக்கில் வளைவு இல்லை, குறுக்கே மட்டும் வளைவு. அதனால் லென்ஸும் ஒரு திசையில் மட்டும் ஒளியை வளைக்கும். கண்ணில் எந்தத் திசையில் குறையோ, அந்தத் திசையில் மட்டும் சரிசெய்யும். கண்ணே மாறவில்லை, ஆனால் பார்வை நேரானது! எவ்வளவு புத்திசாலித்தனமான வைத்தியம் பாருங்கள்.

டிகிரி தப்பினால்...

எந்த மருந்துக்கும் அளவு உண்டு, அனுபானம் உண்டு. தேனில் கொடுக்க வேண்டியதை வெந்நீரில் கொடுத்தால் பலன் மாறும் என்பது எங்கள் பாடம். கண்ணாடிச் சீட்டிலும் இதே விஷயம்தான்.

உங்கள் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ஸ்பியர்' என்ற கட்டத்தில் கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வைக்கான அளவு. 'சிலிண்டர்' என்ற கட்டத்தில் சிதறலுக்கான அளவு. மூன்றாவதாக 'ஆக்ஸிஸ்', அதாவது அச்சு. 1 முதல் 180 வரை ஏதோ ஓர் எண் இருக்கும். சிலிண்டரை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பது அந்த எண்.

இந்த எண்ணை யாரும் மதிப்பதில்லை. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? அச்சு 5 டிகிரி விலகினாலே, சரியாக வேண்டியதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 30 டிகிரி விலகினால் கண்ணாடி போட்டும் போடாத கதைதான். அதே அளவு குறை வேறொரு கோணத்தில் உட்கார்ந்திருக்கும்! அதற்கு மேல் விலகினால், இல்லாத கெடுதலும் வந்து சேரும்.

அதனால்தான் அண்ணன் கண்ணாடியைத் தம்பிக்குப் போட்டுவிடும் பழக்கம் கூடாது என்கிறேன். நடைபாதையில் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடிகளில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான், சிலிண்டர் இருக்காது. அவசரத்துக்குப் பேப்பர் படிக்க ஆகலாம். சிதறல் உள்ளவர்களுக்கு அது வைத்தியம் ஆகாது.

ஓரத்தில் தெரியும் வானவில்

"புதுக் கண்ணாடி போட்டேன், டியூப் லைட் ஓரத்துல நீலமும் மஞ்சளுமா தெரியுது. கண்ணுல ஏதோ ஆகிப்போச்சா டாக்டர்?" என்று பயந்து கேட்பவர்களும் உண்டு.

கண்ணாடியைக் கழற்றினால் அந்த வர்ணம் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் அது லென்ஸின் குணம். எந்த லென்ஸும் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கும். மையத்தில் பார்த்தால் தெரியாது, ஓரத்தில் பார்த்தால் நிறங்கள் பிரிந்து விளிம்பு கட்டும்.

நியூட்டனே இதற்கு வழியில்லை என்று முடிவு கட்டி, 1668-ல் லென்ஸை விட்டுவிட்டு ஆடி வைத்த தொலைநோக்கி செய்தார். வழி கண்டவர்கள் பிறகு வந்தார்கள். 1730 வாக்கில் செஸ்டர் மூர் ஹால் என்ற வக்கீல் இரண்டு வகைக் கண்ணாடியில் இரண்டு லென்ஸ் செய்து ஒன்றாகச் சேர்த்தார். ஒன்று சாதாரணக் கண்ணாடியில் குவி லென்ஸ், மற்றது ஈயம் சேர்த்த கண்ணாடியில் குழி லென்ஸ். ஒன்று பிரித்த நிறத்தை மற்றது சேர்த்துவிடும். ஜான் டாலண்ட் 1758-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்த டாலண்ட் முன்பு பட்டு நெய்தவர்!

தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் இந்த உபாயம் சரி. மூக்கின் மேல் இரண்டு இரண்டாக லென்ஸைச் சுமக்க முடியுமா? அதனால் மூக்குக் கண்ணாடியில் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நிறத்தைச் சிதறவிடாத குணத்துக்கு 'அபே எண்' என்று ஓர் அளவு உண்டு. எண் கூடினால் நல்லது. சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸுக்கு இது சுமார் 58. பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 30. அதாவது, அதே பவரில் பாலிகார்பனேட் ஏறக்குறைய இரண்டு மடங்கு வர்ணம் காட்டும்.

அப்படியானால் பாலிகார்பனேட் மோசமா? இல்லை. அடிபட்டால் எளிதில் உடையாது. ஓடி விளையாடும் குழந்தைகளுக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் பவர் அதிகமுள்ள பெரியவர்கள், 'மெல்லிசா இருக்கும் சார், விலை கூட' என்று கடையில் சொல்வதை மட்டும் கேட்டுத் தலையாட்ட வேண்டாம். மெல்லிய லென்ஸ்களில் பலவற்றுக்கு அபே எண் குறைவு. 'இதோட அபே எண் என்ன?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விலை கூடினது எல்லாம் பார்வைக்கு உசத்தி என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. லென்ஸின் மையம் உங்கள் பாப்பாவுக்கு நேரே அமைய வேண்டும். அது விலகினால் எப்போதும் ஓரத்தில் பார்ப்பது போலத்தான். சட்டம் எவ்வளவு பெரிசாக, ஃபேஷனாக இருக்கிறதோ, இந்தத் தொல்லையும் அவ்வளவு கூடும்.

கண்ணில் விடும் சாறு

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடியைத் தவிர்க்க, வீட்டிலேயே நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விடுகிறார்கள். தாய்ப்பால் விடுகிறார்கள். 'சித்தர்கள் சொன்னது' என்று காரணம் வேறு.

முறையாகச் சுத்தி செய்து, அளவு பார்த்து, தகுதியுள்ள மருத்துவர் தரும் கண் மருந்து வேறு. முற்றத்துச் செடியைப் பறித்து அழுக்கு விரலால் கசக்கி விடுவது வேறு. அதில் கிருமி இருந்தால் கருவிழியில் புண் வரும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பால் கருவிழியின் வளைவு மேடும் பள்ளமுமாகப் போய்விடும். ஸ்பூன் மாதிரி ஒழுங்கான கோணலைக் கண்ணாடியால் சரிசெய்யலாம். இந்தத் தாறுமாறான கோணலுக்குச் சாதாரணக் கண்ணாடியே பயன்படாது! சிலிண்டரைப் போக்கப் போய், தீராத சிலிண்டரைத் தேடிக்கொண்ட கதை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பிறந்தது முதல் ஒரு கண் கலங்கலாகவே காட்டினால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயசுக்குள் கண்ணாடி போட்டுக் கவனித்தால் பலன் அதிகம். 'கொஞ்ச நாள் மூலிகை பார்ப்போம்' என்று வருஷங்களைக் கடத்தினால், பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுசாகத் தெளியாமல் போகலாம். போன காலத்தை எந்த வைத்தியரும் திருப்பித் தர முடியாது.

என்ன செய்யலாம்?

1. பள்ளியில் சேர்க்கும் முன்பே குழந்தைக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு கண் நன்றாக இருந்தால் மறு கண்ணின் குறை வெளியே தெரியாது. குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது.

2. வீட்டில் கடிகாரத்தின் முகம் போல வட்டமாகக் கோடுகள் வரைந்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். சில கோடுகள் கறுப்பாகவும் சில மங்கலாகவும் தெரிந்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.

3. புதுக் கண்ணாடி வாங்கியதும், கடையிலுள்ள லென்ஸோமீட்டர் கருவியில் வைத்துச் சீட்டோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்களும் சோதிக்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுங்கள். கம்பி சாய்ந்தாடினால் சிலிண்டர் இருக்கிறது.

4. வட்ட வடிவச் சட்டத்தில் லென்ஸ் தளர்ந்து சுழன்றுவிட்டால் அச்சு மாறிவிடும். அவ்வப்போது இறுக்கிக்கொள்ளுங்கள்.

5. சிலிண்டர் முதன்முதலாகப் போட்டால் தரை சாய்ந்தது போலத் தெரியும். ஒரு வாரம், பத்து நாளில் பழகிவிடும். இரண்டு வாரமாகியும் தலைவலி போகவில்லை என்றால், கழற்றி அலமாரியில் வைக்காமல் மறுபடி போய்க் காட்டுங்கள்.

6. பதின்ம வயசுப் பிள்ளைக்குச் சிலிண்டர் எண் அடிக்கடி ஏறினால் அலட்சியம் வேண்டாம். கருவிழி மெலிந்து கூம்பாகும் 'கெரட்டோகோனஸ்' ஆக இருக்கலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் அதை வளர்க்கும். சீக்கிரம் கண்டால், வைட்டமினும் புறஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது.

கண்ணாடி பிடிக்கவே இல்லையா? சிலிண்டருக்கென்றே டோரிக் கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது. பதினெட்டு வயசுக்கு மேல் பவர் நிலையாக நின்றபின், தகுதி பார்த்து லேசர் சிகிச்சையும் செய்கிறார்கள். கண்புரை ஆபரேஷனின்போது சிலிண்டர் சேர்த்த லென்ஸையே உள்ளே வைக்கிறார்கள். எல்லாமே வளைவைச் சரிசெய்யும் வழிகள்தான்.

எங்களிடம் வாருங்கள். மூட்டுவலிக்கு வாருங்கள், தோல் நோய்க்கு வாருங்கள், அஜீரணத்துக்கு வாருங்கள். கண் எரிச்சலுக்குக்கூட வாருங்கள், பார்த்து மருந்து தருகிறோம். சிலிண்டர் பவருக்கு மட்டும் நேராகக் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். கண்ணாடி போட்ட பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைப்பான். போடாமல் விட்ட கண்ணுக்குப் பார்வை கிடைக்காது.