கச்சதீவு கை மாறிய ஆண்டில் நாமும் கை மாறினோம்

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கினால் நம் லயத்து டீவியிலும் கச்சதீவு வந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு தேர்தல் நேரத்தில் இந்தியப் பிரதமர் மோடி அந்தப் பேச்சைக் கிளப்பினார். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி தமிழ்நாடு சட்டசபை, தீவை மீட்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி நம் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தீவுக்கே நேரில் போய் வந்தார். நாட்டின் நிலத்தையும் கடலையும் பாதுகாப்போம் என்றார்.

காலையில் பிரட்டுக் களத்தில் இதைப் பேசினால், "அந்தக் கடல் எங்கே, நம்ம மலை எங்கே? நமக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திம்புள்ளையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கச்சதீவில் வலை காயவைக்கும் வேலை கிடையாது. ஆனால் அந்தத் தீவு கை மாறிய அதே 1974ஆம் ஆண்டில், அதே இரண்டு பிரதமர்கள் நம்மையும் பங்கு போட்டார்கள். இது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறோம்.

ஒரே ஆண்டு, இரண்டு கையெழுத்து

1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நம்மில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு எடுத்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேர். அவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பிறகு 1974 ஜனவரியில் வந்தது. சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பேசி, ஒன்றரை இலட்சத்தைச் சரிபாதியாக வெட்டினார்கள். 75 ஆயிரம் அங்கே, 75 ஆயிரம் இங்கே. ஐந்து மாதம் கழித்து, ஜூன் 26ஆம் திகதி கொழும்பிலும் 28ஆம் திகதி புதுடில்லியிலும் அதே இருவரும் இன்னொரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டது. 285 ஏக்கர் கச்சதீவு கோட்டுக்கு இந்தப் பக்கம், இலங்கைக்கு வந்தது.

தீவையும் மனிதரையும் ஒரே மாதிரித்தான் கணக்குப் பார்த்தார்கள். ஒன்றில் ஏக்கர், மற்றதில் தலை. எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஆளைப் பிறகு தேடினார்கள். கையெழுத்துப் போட்ட மேசையில் கொழுந்துக் கூடை சுமந்தவர் ஒருவரும் இருக்கவில்லை.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் மாவும் இல்லாமல் பட்டினியால் மக்கள் செத்தார்கள். இந்தியாவுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் விரும்பியா போனார்கள்? வயிறு விரட்டியது. அண்ணன் அந்த நாட்டுப் பிரஜை, தம்பி இந்த நாட்டுப் பிரஜை என்று ஆன குடும்பங்கள் நம் ஒவ்வொரு டிவிஷனிலும் உண்டு. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக் காட்டுக்கே போனவர்கள் நம் சொந்தங்கள். இங்கே மிஞ்சியவர்களில் கடைசி ஆளுக்கும் பிரஜாவுரிமைக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தீவில் ஆளில்லை, கடலில் ஆள் இருந்தது

கச்சதீவில் யாரும் குடியிருக்கவில்லை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லை, அங்கே யாரைக் கேட்பது என்று சிலர் சொல்வார்கள். குடியிருப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் இராமேஸ்வரத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் போன மீனவர்கள் அங்கே வலை காயவைத்தார்கள், களைப்பாறினார்கள். அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் குடும்பத்தோடு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சம்பந்தமும் பேசினார்கள், சாமானும் மாற்றினார்கள். தீவின் சொந்தக்காரர் யார் என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை.

1974 உடன்படிக்கை இதைக் கொஞ்சம் மதித்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்கு விசா தேவையில்லை என்று எழுதினார்கள். ஆனால் அங்கே மீன் பிடிக்கலாமா என்பதைத் தெளிவாக எழுதவில்லை. 1976 மார்ச்சில் இரண்டு அரசாங்கங்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று முடித்துவிட்டன. இந்தக் கடிதங்களையும் மீனவரைக் கேட்டு எழுதவில்லை.

அதன் விலையை இன்றைக்கும் ஏழைகள்தான் கொடுக்கிறார்கள். இராமேஸ்வரத்து மீனவர் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறார். சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் முப்பது வருட யுத்தத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த வடக்கு மீனவர், யுத்தம் முடிந்து வலை போட்டால், இந்திய இழுவைப் படகு வந்து வலையை அறுத்துப் போகிறது. கடலின் அடியை வாரும் அந்த இழுவை முறையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தும் தொல்லை தீரவில்லை. இழுவைப் படகின் முதலாளி கரையில் இருக்கிறார். பிடிபடுவது கூலிக்குப் போனவர். இது நமக்குப் புரியாத கணக்கா?

ஆகவே "கச்சதீவை மீட்போம்" என்ற கூச்சலுக்கும், "ஓர் அங்குலமும் தரமாட்டோம்" என்ற கூச்சலுக்கும் நாம் தலையாட்ட வேண்டியதில்லை. கொடி மாறினால் வலை தைக்கப்படுமா? இரண்டு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து, எந்த நாள், எந்த வலை, எவ்வளவு தூரம் என்று பேசுவதுதான் வழி. அரசாங்கங்களின் வேலை அவர்கள் பேசிய முடிவைச் சட்டமாக்குவது.

தேங்காய்த் தோட்டத்துக்காரர்கள்

நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் சாகோஸ் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களின் கதை நம் கதையோடு ஒட்டும். அவர்களும் தோட்டத் தொழிலாளர்கள். ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளாகவும், பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை. தென்னந்தோட்டத்தில் தேங்காய் உடைத்துக் கொப்பரை போட்டார்கள். வீடு, கடை, வேலை எல்லாம் கம்பனியுடையது.

1965இல் பிரித்தானியா, சுதந்திரம் அடையவிருந்த மொரிசியஸிலிருந்து இந்தத் தீவுகளைப் பிரித்தெடுத்தது. அதற்குக் கொடுத்த பணம் 30 இலட்சம் பவுண். அங்கேயுள்ள டியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு இராணுவத் தளம் வேண்டியிருந்தது. 1968க்கும் 1973க்கும் இடையில் அத்தனை மக்களையும் கப்பலில் ஏற்றி மொரிசியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களையும் கொன்றார்கள். சொன்ன காரணம் என்ன? இவர்கள் நிரந்தரக் குடிகள் அல்ல, ஒப்பந்தத்தில் வந்த தற்காலிகத் தொழிலாளர்கள் என்பது. இந்த வார்த்தை நமக்குப் பழக்கமானது. 1948இல் நம்மைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள்.

சாகோஸ் மக்கள் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் போராடுகிறார்கள். 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், பிரித்தானியா அந்தத் தீவுகளை வைத்திருப்பது சட்டவிரோதம், சீக்கிரம் விட்டு விலக வேண்டும் என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22ஆம் திகதி தீவுகளின் இறைமையை மொரிசியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்திட்டன. ஆனால் டியேகோ கார்சியா தளம் 99 வருடக் குத்தகையில் அப்படியே இருக்கும். மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம், அந்தத் தீவில் முடியாது. காலனியாட்சி ஒழிவது நல்லதுதான், அதை நாம் வரவேற்கிறோம். சாகோஸ் மக்களிலும் ஒரு பகுதியினர் வரவேற்றார்கள். இன்னொரு பகுதியினர், எங்கள் மண்ணைப் பற்றிய பேச்சில் எங்களுக்கு நாற்காலி போடவில்லையே என்று கேட்டு நீதிமன்றம் போனார்கள். விரட்டியபோதும் கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்கும்போதும் கேட்கவில்லை என்பது அவர்கள் வழக்கு.

டெவன் தோட்டத்திலிருந்து 2045 வரை

நாடு விட்டு நாடு போனால்தான் கை மாற்றம் என்பதில்லை. நாம் நிற்கும் இந்த மலையே எத்தனை கை மாறியிருக்கிறது! வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசாங்கத்துக்கு வந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் குத்தகை 2045 வரை என்று எழுதப்பட்டது. துரைமார் மாறினார்கள், பெயர்ப் பலகை மாறியது, லயம் மாறவில்லை. ஒரு தடவையாவது பிரட்டுக் களத்தில் வந்து, "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்களா?

கேட்காமல் கொடுக்க முயன்றபோது நாம் தடுத்த வரலாறும் இருக்கிறது, அதுவும் நம் திம்புள்ளை மண்ணிலேயே. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பங்கிடப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் திரண்டார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார். அந்தப் பங்கீடு நின்றது. அன்று அவர் விழாமல் இருந்திருந்தால் இன்று இந்தப் பக்கத்தில் நாம் எத்தனை பேர் இருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

2045 தூரம் என்று நினைக்காதீர்கள். இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. குத்தகை முடிகிற அன்று மேசையைச் சுற்றி அரசாங்கம் உட்காரும், கம்பனி உட்காரும். அதற்கு முன்பே, குத்தகையை நீட்டுவது பற்றியோ காணியை வேறு பயிருக்கும் ஹோட்டலுக்கும் கொடுப்பது பற்றியோ பேச்சு வரும். அந்த மேசையில் நமக்கு இடம் வேண்டும் என்றால் கேட்க வேண்டிய காலம் இதுதான்.

நாம் சொல்வது

ஒன்று: தோட்டக் காணியின் குத்தகை, விற்பனை, பங்கீடு எதுவானாலும் அங்கே வாழும் தொழிலாளர்களின் சம்மதம் இல்லாமல் நடக்கக்கூடாது. இது சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

இரண்டு: ஏழு பேர்ச் காணிக்கும் வீட்டுக்கும் முழு உறுதிப்பத்திரம் வேண்டும். கையில் பத்திரம் இல்லாதவரைத்தான் "தற்காலிகமாக வந்தவர்" என்று சொல்லத் துணிகிறார்கள்.

மூன்று: பாக்கு நீரிணைப் பிரச்சினையில் இரண்டு கரை மீனவர்களும் பேசித் தீர்க்க இரு அரசாங்கங்களும் வழிவிட வேண்டும். நம் சொந்தம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. ஒருவரைக் காட்டி மற்றவரை வெறுக்கச் சொன்னால் நாம் கேட்க மாட்டோம்.

நாட்டுக்கு நாடு எல்லை பேசும்போது ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். ஒவ்வொருவரையும் கேட்கச் சொல்லவில்லை. அந்த மண்ணிலும் கடலிலும் பிழைப்பவர்களின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு உட்காரவைக்கத்தான் சொல்கிறோம். நம் சம்பளத்தைப் பேச நம் சங்கம் உட்காருகிறது. நம் மண்ணைப் பேச ஏன் உட்காரக்கூடாது?

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். 1974இல் யார் யார் போனார்கள் என்று பெரியவர்களைச் சொல்லச் சொல்லி, பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். நம்மைக் கேட்காமல் நம்மைப் பங்கு போட்ட காலம் ஒன்று இருந்தது. அது திரும்பி வராமல் பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.