கட்டளையிடக் கற்போம்

கணினி என்றால் தமிழ் பயிலும் மாணவர் பலருக்கு அது தட்டச்சுக் கருவி. படம் பார்க்கும் பெட்டி. தேர்வு முடிவு காட்டும் திரை. சுட்டியை நகர்த்தி, படக்குறியைத் தொட்டு, அது காட்டியதைப் பெற்றுக்கொள்ளும் அளவிலேயே பழக்கம் நின்றுவிடுகிறது. அதே கணினியை எழுத்தால் ஏவி வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. கட்டளைவரி என்பது அதன் பெயர். அது கணினி அறிவியல் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்போர்க்கும் உரியது என்பது என் துணிபு.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில் இம்முறை செழித்து வளர்ந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அம்மரபைத் தொடர்வது. விலை கொடாமலே கிடைப்பது. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

கட்டளையின் அமைப்பு இலக்கணம் கற்றவர்க்குப் புதிதன்று. முதலில் வினை, அடுத்து அவ்வினையை எவ்வாறு செய்க என்று உணர்த்தும் அடை, இறுதியில் செயப்படுபொருளாகிய கோப்பின் பெயர். தமிழில் வினை ஈற்றில் நிற்கும். இங்கு முதலில் நிற்கும். 1973இல் யூனிக்ஸில் 'பைப்' எனப்படும் குழாய்க்குறி சேர்ந்தது. ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளையின் கையில் கொடுப்பது அதன் பணி. "சொற்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஒன்றுபோல்வனவற்றைச் சேர்த்து, எண்ணித் தருக" என்று நாம் வினையெச்சங்களை அடுக்கி வினைமுற்றால் முடிக்கிறோம் அல்லவா? குழாய்க்குறி செய்வதும் அதுவே. ஒரு நூலில் எச்சொல் எத்தனை முறை வந்துள்ளது என்பதை அவ்வொரு வரி நொடிப்பொழுதில் காட்டிவிடும். எமக்கு முந்தைய ஆய்வாளர்கள் சீட்டுகளில் எழுதி மாதக்கணக்கில் தொகுத்த சொல்லடைவின் முதற்படி அது. புணர்ச்சியைப் பிரிப்பதும், வேற்றுமை ஏற்ற வடிவங்களை ஒரு சொல்லின்கீழ்ச் சேர்ப்பதும் அதன்பின் தமிழறிந்தவர் செய்ய வேண்டிய பணி.

தமிழறிவு தேவைப்படும் இடங்கள் இன்னும் உள்ளன. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. எண்ணிச் சொல்லுமாறு 'டபிள்யூசி' கட்டளையைப் பணித்தால், வரிமுடிவுக் குறியை விடுத்து, ஐந்து என்கிறது. ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெற்றிருப்பதே காரணம். மொழி அமைப்பைக் குறிப்பிடாமல் வெறும் குறியெண் வரிசையில் சொற்களை அடுக்கச் சொன்னால் நகரத்தை அடுத்து னகரம் வந்து நின்றுவிடும். நம் நெடுங்கணக்கிலோ னகரம் பதினெட்டாம் மெய். இப்பிழையை முதற்பார்வையிலேயே காணக்கூடியவர் தமிழ் மாணவரே. ஆனால் காண வேண்டுமானால் படக்குறிகளுக்கு அப்பால் அவர் செல்ல வேண்டும்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை மின்னூல்களாக வழங்கி வருகிறது. அதன் தொடக்க நூல்கள் பல திஸ்கி என்னும் குறியேற்றத்தில் அமைந்தவை. அக்காலத்துக் கோப்பைத் திருத்தமின்றி இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். லினக்ஸிலுள்ள 'ஐகான்வ்' கட்டளை திஸ்கியை ஒருங்குறியாக்க வல்லது. ஒரு கோப்பாயினும் ஓராயிரம் கோப்பாயினும் அதற்கு ஒன்றே.

ஆயிரம் என்பது மிகையன்று. நம் தலைக்கு மேலே கொடைக்கானலில், 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் நூறாண்டுகளுக்கு மேலாகக் கதிரவனைப் படம்பிடித்து வைத்துள்ளது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுவின் ஓட்டத்தைக் கண்டறிந்தது அங்கேதான். கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்த அப்படங்கள் இன்று மின்வடிவம் பெற்றுள்ளன. அத்தகைய பெருந்தொகுப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திறப்பது மனித ஆயுளுக்குள் அடங்குமா? ஒருமுறை கட்டளை எழுதி, வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பதே வழி. விண்ணியலுக்குப் பொருந்துவது சுவடியியலுக்கும் பொருந்தும்.

"கட்டளைகள் ஆங்கிலத்தில் அல்லவா உள்ளன?" என்பர் சிலர். உண்மை, ஆயினும் அவற்றுள் பல ஈரெழுத்து, மூவெழுத்துச் சுருக்கங்களே. முப்பது தெரிந்தால் அன்றாடப் பணி நடக்கும். "தவறினால் எல்லாம் அழியுமே" என்பது பெரியோர் அச்சம். அதுவும் உண்மையே. 'ஆர்எம்' கட்டளையால் நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை, அழிந்தே போகும். ஆகவே முதலில் படியெடு, பின்பு கைவை என்னும் ஒழுங்கு கற்பவர்க்கு வேண்டும். ஓலைச்சுவடியைப் படியெடுத்துக் காத்த மரபினர்க்கு இவ்வொழுங்கு அந்நியமானதா? "செயற்கை நுண்ணறிவு கேட்டதும் எழுதித் தருகிறதே" என்பது இன்றைய வாதம். எழுதித் தருவது சரியா என்று சோதிக்கத் தெரியாதவர், பொருள் தெரியாத பத்திரத்தில் கையொப்பம் இடுபவரை ஒப்பர்.

பண்ணைக்காட்டிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் மலையிறங்கிப் படிக்க வரும் மாணவரிடம் புதிய கணினி இல்லாமல் இருக்கலாம். மலைமேல் அலைபேசிக் குறி மங்கலாகவும் இருக்கலாம். கட்டளைவரிக்குப் பழைய கணினியே போதும். 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைத் தந்தால், இணையமின்றியே அதன் கையேடு திரையில் விரியும்.

எனவே ஒரு வேண்டுகோள். துறைதோறும் பழைய மேசைக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவித் தனியே வைப்போம். வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்குவோம். இளங்கலை முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஒரு நூலுக்கேனும் சொல்லடைவு ஆக்கிக் காட்டட்டும். நம் மொழியின் நெடுங்கணக்கைக் கணினிக்கு எவரோ கற்பிக்கும்வரை காத்திராமல், அப்பணியை நம் மாணவர் கையேற்கட்டும்.