பட்டனும் வேண்டும்... கம்பியும் வேண்டும்!

“பட்டனை அமுக்கினா பானட் திறக்கணும், அதானே ஸ்டைல்!” – போன வருஷம் வரைக்கும் நானும் இப்படித்தான் பேசித் திரிந்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, “ஒழுக்கம், உழைப்பு, லட்சியம்னு ஏதாச்சும் எழுதுடா” என்றார்கள் நண்பர்கள். நான் ஒரு காரின் பானட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள் நண்பர்களே!

எங்கப்பா மெக்கானிக். பைபாஸ் ரோட்டோரம் நாலு தகரம் போட்ட பட்டறை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைக்கு வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர் பழைய மாருதி 800 வைத்திருந்தார். அவர் மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். அந்த வண்டியில் பானட்டைத் திறக்கும் லிவர் ஒருநாள் கையோடு வந்துவிட்டது. கேபிளும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அப்பா புது கேபிள் போடப் போனார். நான் விடவில்லை. “அப்பா, இந்தக் காலத்துல போய் கம்பி இழுத்துக்கிட்டு! நான் எலக்ட்ரிக்கா மாத்தித் தரேன்” என்றேன். பெரியவருக்கும் ஆசை வந்துவிட்டது.

வேலை ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. கதவு லாக்குக்குப் போடும் 12 வோல்ட் ஆக்சுவேட்டர் ஒன்று, ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், ஒரு அழுத்து பட்டன். ஆனால் முதல் நாள் மாட்டியதும் ‘டக்’ என்று சத்தம் வந்ததே தவிர லாட்ச் அசையவில்லை. அப்புறம்தான் புத்தி வந்து சுருள்வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். லாட்ச்சை விடுவிக்க ஆறரை கிலோ இழுப்பு வேண்டும். நகர வேண்டிய தூரம் 7 மில்லிமீட்டர். என் ஆக்சுவேட்டரோ மூன்றரை கிலோதான் இழுத்தது, ஆனால் 20 மில்லிமீட்டர் நகர்ந்தது. தூரம் தேவைக்கு மேல் இருக்கிறது, விசை போதவில்லை. நெம்புகோல் தத்துவம் முதலாண்டில் படித்ததுதானே! 2.5-க்கு 1 என்ற கணக்கில் ஒரு தகட்டை வெட்டி நெம்புகோல் வைத்தேன். விசை எட்டே முக்கால் கிலோ, தூரம் 8 மில்லிமீட்டர். பட்டனை அமுக்கினேன், பானட் துள்ளி எழுந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கணக்கு கண்ணெதிரே வேலை செய்ததைப் பார்த்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ரிலேயில் 85, 86 காயிலுக்கு, 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 ஆக்சுவேட்டருக்குப் போவது. காயிலுக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. ஆக்சுவேட்டர் ஒரு நொடியில் பல ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் சின்ன பட்டனில் நேராக அந்தக் கரண்டை ஓட்டக் கூடாது. இதையெல்லாம் அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: “எல்லாம் சரிதான் தம்பி... அந்தப் பழைய கேபிள் வழியை மட்டும் எடுத்துடாத. புது கேபிள் ஒண்ணு போட்டு வச்சிரு.”

நான் கேட்கவில்லை. ‘ரெண்டு இருந்தா அசிங்கமா இருக்கும்’ என்று கேபிளை உருவி எறிந்துவிட்டேன்.

நாற்பது நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு முறை வண்டியை மூன்று நாள் எடுக்கவில்லை. உள்ளே விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. டயாலிசிஸ் நாள் காலை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஜம்பர் ஒயர் கொடுக்கலாம் என்றால் பேட்டரி பானட்டுக்குள்ளே இருக்கிறது. பானட்டைத் திறக்க பட்டனை அமுக்க வேண்டும். பட்டனுக்குக் கரண்ட் அந்தப் பேட்டரியிலிருந்து வர வேண்டும்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் வீடோ முட்டுச்சந்தில். வண்டி சுவரில் மூக்கை வைத்து நின்றது.

அந்த அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் தாமதம். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா போய் முன் கிரில்லில் இரண்டு கண்ணியை உடைத்து, வளைத்த கம்பியை விட்டு லாட்ச்சைத் தள்ளித் திறந்தார். பெரியவர் மருத்துவமனையிலிருந்து கோபத்தோடு வந்தார். நான் பயந்து ஓரமாக நின்றேன். அப்பா, “என் தப்புதாங்க, நான்தான் கேபிளைக் கழட்டினேன். கிரில்லுக்கு நான் காசு வாங்கல” என்றார். என் பெயர் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அன்றைக்கு நான் படித்த பாடம் எந்த செமஸ்டரிலும் இல்லை.

இதைக் கேட்ட சிலர், “அதுக்குத்தான் சொல்றோம், கம்பெனி கொடுத்ததுல கை வைக்காதேன்னு” என்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கை வைக்காமல் யாரும் தொழில் கற்றதில்லை. 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்காகக் கை ஹேண்டிலை உடனே தூக்கி எறிந்துவிடவில்லை. பல வண்டிகளில் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் ஹேண்டில் போடும் வசதி இருந்தது. புதியது வரட்டும், பழைய வழியும் திறந்திருக்கட்டும் என்பதுதான் அந்த எண்ணம்.

இன்றைய கதையையும் பாருங்கள். டெஸ்லா மாடல் 3 காரில் முன்பக்க மூடி மின்சாரத்தில்தான் திறக்கும். கரண்ட் இல்லாவிட்டால்? முன் பம்பரில் கொக்கி மாட்டும் இடத்து மூடியை எடுத்தால் உள்ளே இரண்டு ஒயர் இருக்கும். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் மூடி திறந்துகொள்ளும். ஐந்தாம் வகுப்பு படித்த எங்கப்பா சொன்னதும், அந்த இன்ஜினியர்கள் செய்ததும் ஒரே விஷயம்தானே!

ஆகவே, செய்ய ஆசைப்படும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்.

ஒன்று: முதலில் தேவையா என்று கேளுங்கள். இறுகிய கேபிளுக்குப் பல நேரம் எண்ணெயே மருந்து. இல்லையென்றால் புது கேபிள்.

இரண்டு: எலக்ட்ரிக் வைத்தாலும் கேபிள் இருக்கட்டும். இணைக்கும் தகட்டில் நீள்துளை போட்டால் ஒன்றை இழுக்கும்போது மற்றது தடுக்காது.

மூன்று: பானட்டுக்கு இரண்டு பிடி உண்டு. உள்ளே இழுத்தால் விடுபடுவது முதல் பிடி. முன்னால் நின்று விரலை விட்டுத் தள்ளுவது இரண்டாம் பிடி. ஓடும்போது முதல் பிடி விட்டாலும் பானட் கண்ணாடியில் வந்து அறையாமல் காப்பது இதுதான். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 113-ஆம் எண் விதி இதற்காகவே இருக்கிறது: திறந்தால் டிரைவரின் பார்வையை மறைக்கும் முன்பக்க பானட்டுக்கு இரண்டாம் பிடி கட்டாயம். அதை எந்தக் காரணத்துக்காகவும் மோட்டாரில் மாட்டாதீர்கள்!

நான்கு: ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தகட்டுத் துளைக்குள் போகும் ஒயருக்கு ரப்பர் வளையம் போடுங்கள். ஒயர் தேய்ந்தால் தீதான்.

ஐந்து: முழங்கால் படும் இடத்தில் பட்டன் வேண்டாம். கை பிரேக்கில் தனியாக ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, பிரேக் இழுத்திருந்தால் மட்டுமே வேலை செய்யும்படி இணைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம்மில் பல பேர் இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறோம். தெரியாதது போல் நடிக்க வேண்டாம். வைவாவில் ‘நெம்புகோல் எங்கே இருக்கு?’ என்று கேட்டால் விழிக்கிறோம். அந்தக் காசில் பாதி போதும், நம் ஊர் வண்டி ஒன்றில் உண்மையான குறை ஒன்றைச் சரிசெய்ய. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து விடச் சொல்லி, மாணவர் பேரவை முதல்வரிடம் கேட்க வேண்டும். அன்றைக்கு ஊர் மெக்கானிக் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். நாம் அவருக்கு சர்க்யூட் சொல்லித் தருவோம். எதைக் கழற்றக் கூடாது என்று அவர் நமக்குச் சொல்லித் தரட்டும்!

அந்த மாருதியில் இப்போது பட்டனும் இருக்கிறது, கேபிளும் இருக்கிறது. கேபிளை நான்தான் போட்டேன். அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, “ம்... இப்ப சரி” என்றார்.

– இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு