சின்னஞ்சிறு தீவு சொல்லும் செய்தி



நமது இராமேசுவரத்திற்கு அப்பால் கடலைத் தாண்டினால் ஒரு தீவு. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இலங்கை என்றதும் நமக்குத் தேயிலை நினைவுக்கு வரும். போரும் அகதிகளின் கண்ணீரும் நினைவுக்கு வரும். ஆனால் உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தீவைத் துருவித் துருவி ஆராய்ந்தது வேறொரு காரணத்திற்காக. செல்வம் குறைந்த நாடாக இருந்தும் அங்கே தாய்மார்கள் பிரசவத்தில் சாவது குறைந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள், மக்கள் நெடுநாள் வாழ்ந்தார்கள். இது எப்படி நடந்தது? அந்த ஆராய்ச்சியின் விடையில் பதினைந்து வயதுப் பெண்களாகிய நமக்கும், நம்மைப் பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது என்பது என் கருத்து. அதையே இங்கு எழுதத் துணிந்தேன்.

முதலில் பழைய நிலைமையைப் பார்ப்போம். 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைநோயாய்ப் பரவிச் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. அக்காலத்தில் ஓர் இலட்சம் குழந்தைகள் பிறந்தால், பெற்ற தாய்மாரில் 2000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் வீதம்! இந்த நூற்றாண்டிலோ அந்த எண்ணிக்கை இலட்சத்துக்கு 30, 40 என்ற அளவிற்கு இறங்கிவிட்டது. 2016-ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. ஒரே மருந்தால் வந்ததுமன்று. 1926-ஆம் ஆண்டு களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோய் வந்த பிறகு மருத்துவமனைக்கு வா என்று காத்திராமல், ஊருக்குள்ளேயே சென்று நோயைத் தடுக்கும் முறை அது. 1931-ஆம் ஆண்டு ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் மக்கள் பள்ளிக்கூடமும் ஆசுபத்திரியும் கேட்டார்கள். 1945-ஆம் ஆண்டு, கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அடுத்து டி.டி.டி. தெளித்துக் கொசுவை ஒழித்தார்கள். 1946-ல் ஆயிரம் பேருக்கு 20 என்ற அளவில் இருந்த இறப்பு விகிதம், 1947-ல் 14 என்ற அளவுக்கு இறங்கிற்று.

இந்த இறக்கத்துக்குக் கொசு மருந்து மட்டும்தான் காரணமா என்று அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டார்கள். மருந்துக்குப் பங்கு உண்டு. அரிசிப் பங்கீட்டுக்குப் பங்கு உண்டு. இலவச மருத்துவத்துக்கும் பங்கு உண்டு. 1985-ஆம் ஆண்டு ராக்பெல்லர் அறக்கட்டளை, குறைந்த செலவில் நல்ல உடல்நலம் கண்ட இடங்களை ஆராய்ந்தபோது சீனா, கோஸ்டாரிகா ஆகிய நாடுகளோடு இலங்கையையும், நமது அண்டை மாநிலமாகிய கேரளத்தையும் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல் இந்த வெற்றிகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முக்கியமாகச் சுட்டிக் காட்டியவற்றுள் ஒன்று பெண்கல்வி. மற்றொன்று வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு.

பெண்கல்விக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பள்ளியில் படித்த தாய் குழந்தையின் வாட்டத்தை முதல் நாளே கண்டுகொள்கிறாள். விதி என்றோ, கண்ணேறு என்றோ மூன்று நாள் தள்ளிப் போடுவதில்லை. மாமியாரும் கணவரும் வீட்டில் இல்லாவிட்டாலும் தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகும் துணிவு அவளுக்கு இருக்கிறது. மருந்துச் சீட்டைப் படித்து வேளை தவறாமல் கொடுக்கிறாள். குணமாகாவிட்டால் மீண்டும் போய்க் கேட்கிறாள். இந்தச் சிறுசிறு செயல்களில்தான் ஓர் உயிர் நிற்பதும் போவதும் இருக்கின்றது.

அந்நாட்டு அன்றாட வாழ்க்கையிலும் இதைக் காணலாம். அங்கே மருத்துவமாது என்று அழைக்கப்படும் பெண் ஊழியர் தம் பகுதியில் கர்ப்பிணிகளின் வீடு தேடிச் செல்கிறார். பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதிலிருந்து, பிறந்த குழந்தையின் எடையைக் குறிப்பது வரை அவர் பொறுப்பு. நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் செய்யும் தொண்டைப் போன்றது அது. ‘கொதித்தாறிய நீர்’ என்ற சொல் அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெண்கள் பள்ளியில் தங்கியதால் திருமண வயதும் தள்ளிப் போயிற்று. 1970-களிலேயே அங்கே பெண்ணின் சராசரித் திருமண வயது 24, 25 என்று உயர்ந்துவிட்டது. உடல் முதிர்ந்து, அறிவு முதிர்ந்து தாயாகிறவள் பிழைக்கிறாள். அவள் பிள்ளையும் பிழைக்கிறது.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பக்கம். நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் நம்மவர்கள்!

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சி, கங்காணியின் சொல்லை நம்பி, முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்களே மலையகத் தமிழர்கள். அவர்களுக்கு வாய்த்த வீடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயத்துக் காம்பிரா. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் ஆணுக்குச் சமமான கூலி அவர்களுக்கு 1984-ஆம் ஆண்டுதான் கிடைத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களில் மிகப் பலர் குடியுரிமையை இழந்தார்கள். நாடே இலவசக் கல்வி பெற்றபோதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளோடு நின்றுபோகும் தோட்டப் பள்ளிகள்தாம் கிடைத்தன. அவற்றை அரசு ஏற்றுக்கொள்வதற்கே 1970-கள் வரவேண்டியிருந்தது.

விளைவு என்ன? 1974-ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது நாட்டில் இறப்பு விகிதம் உயர்ந்தது. அந்த அடி எல்லோருக்கும் ஒன்றுபோல் விழவில்லை; தோட்டங்களில்தான் மிகக் கடுமையாக விழுந்தது. 2016-ஆம் ஆண்டு ஆய்வில்கூட, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு 32 பேர். ஒரே தீவு, ஒரே அரசு, ஒரே மழை, வெயில். பள்ளியும் குடியுரிமையும் நேரத்தோடு சென்றடைந்த இடத்தில் பிள்ளை வளர்ந்தது. அவை பிந்திப் போன இடத்தில் பிள்ளையும் பிந்திற்று.

தோழியரே, சராசரி என்பது நம் வகுப்பு மதிப்பெண்ணைப் போன்றது. தொண்ணூற்றைந்து வாங்கியவளையும் இருபத்தைந்து வாங்கியவளையும் சேர்த்து வகுத்தால் இருவரும் அறுபது வாங்கியதாகத் தோன்றும். அறுபதைப் பார்த்து மகிழ்கிறவர்களின் கண்ணுக்கு இருபத்தைந்து தெரிவதில்லை. நாட்டுக் கணக்கானாலும் வீட்டுக் கணக்கானாலும் விடுபட்டவர் யார் என்று தேடுவதே உண்மையான ஆராய்ச்சி என்பேன்.

கல்வி ஒன்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. படித்து வேலையில்லாத இளைஞர்கள் 1971-ல் அந்நாட்டில் கலகத்தில் இறங்கினார்கள். படித்த நாடுதான் இருபத்தாறு ஆண்டுகள் போரில் எரிந்தது. 2022-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி தீர்ந்து, மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் தவித்தார்கள். வேலையும் நீதியும் சமாதானமும் இல்லாமல் கல்வி தனியே நிற்க முடியாது. ஆயினும் அத்தனை துன்பத்திலும் ஒரு தாய் கற்ற எழுத்தை எவராலும் திரும்பப் பறிக்க முடியாதன்றோ?

இனி நம் ஊருக்கு வருவோம். மேற்கே சதுரகிரி மலை, சுற்றிலும் தென்னையும் மாவும் வயலும் என்று எங்கள் மகாராஜபுரம் பசுமையான ஊர். இராஜபாளையத்தில் நூற்பாலைகள், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி, பட்டாசு வேலை. பள்ளிக்குப் பிள்ளை வரவேண்டுமென்றால் வயிறு நிறையவேண்டும் என்று கண்டு, மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் தொடங்கிய காமராசர் பிறந்ததும் நம் விருதுநகரில்தான். 2018-20 கணக்கின்படி இலட்சத்துக்கு 97 தாய்மார் இந்தியாவில் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. மகிழ வேண்டிய முன்னேற்றம்தான். ஆனால் கேரளத்தில் அது 19. மலைக்கு அந்தப் பக்கம் 19, இந்தப் பக்கம் 54! நாம் நடக்க வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

அந்தத் தூரம் பதினைந்து வயதில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் “போதும் படித்தது” என்ற சொல் சில வீடுகளில் எழுகிறது. பெற்றோருக்கு இதில் பொல்லாத எண்ணம் ஏதுமில்லை. பஸ்ஸில் போய்வர வேண்டுமே என்ற அச்சம், தம்பியின் படிப்புச் செலவு, நல்ல வரன் வந்துவிட்டதே என்ற அவசரம், ஆலை வேலையில் நாலு காசு சேருமே என்ற கணக்கு. இவையெல்லாம் எனக்கும் புரிகின்றன. ஆனால் கணக்கு என்று வந்தால் முழுக் கணக்கையும் போட வேண்டும். இரண்டு ஆண்டுக் கூலி ஒருபுறம். நாளை அவள் பெறப்போகும் குழந்தையின் உயிர் மறுபுறம். எது பெரிது? கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கிற்று. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படிப்போருக்கும் விரிந்தது. உதவி தேடி வரும்போது கதவைச் சாத்தலாமா?

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டு மலர்களில் தேர்ச்சி விகிதத்தைப் பெருமையோடு அச்சிடுகிறோம். நூற்றுக்கு நூறு என்றால் கைதட்டுகிறோம். அந்த நூறு, தேர்வு எழுதியவர்களின் கணக்கு மட்டுமே. ஆறாம் வகுப்பில் நம்மோடு சேர்ந்து, தேர்வு வரை வராமலே போன தோழியரின் கணக்கு அதில் இல்லை. சராசரிக்குள் மறைந்த தோட்டத்துப் பிள்ளைகளைப் போல அவர்களும் மறைந்து போகிறார்கள். ஆகவே ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களுள் பத்தாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர், பதினொன்றில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் வரும் ஆண்டிலிருந்து இம்மலரில் வெளியிட வேண்டுகிறேன். குறைகிற ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஓர் ஆசிரியையும் இரண்டு தோழியரும் நடந்து போனால், பெற்றோர் பேசாமல் அனுப்பிவிட மாட்டார்கள். ஊருக்குள் நடந்து போய்த்தான் களுத்துறையில் அந்தத் தீவு தன் வேலையைத் தொடங்கிற்று. நாமும் அப்படியே தொடங்குவோம்!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி,
மகாராஜபுரம்.