விடிந்தாலும் போகாத பேச்சு

"குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்பது எங்கள் சனம் அடிக்கடி எடுத்துவிடும் பழமொழி. பேச்சுக்குச் சொன்னதை நாங்கள் மெல்ல மெல்லச் செயலுக்கும் நீட்டிவிட்டோம். ஒருவர் மனைவிக்குக் கை நீட்டினால், "ஆள் தங்கமான மனுஷன், வெறியிலதான் அப்பிடி" என்கிறோம். கலியாண மண்டபத்தில் கதிரை பறந்தாலும் அதே கதைதான். இங்கே அம்மருட்டிலும் குறூருட்டிலும் வளர்ந்த பிள்ளைகளும் இதை நோர்வேஜிய மொழியில் சொல்லப் பழகிவிட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில், 'ருஸ்' கொண்டாட்டக் காலத்தில், இது இன்னும் கூடுதலாகக் காதில் விழும்.

இந்தியாவில் நடந்த ஒரு வழக்கை இளையவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1954 மார்ச் 12. அன்றைய பெப்சு மாநிலத்தில் ஒரு கலியாண வீடு, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பஸ்தேவ் என்ற ஓய்வுபெற்ற இராணுவ ஜமேதார் நன்றாகக் குடித்திருந்தார். பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனிடம், தான் வசதியாக இருக்க இடம் வேண்டும், கொஞ்சம் தள்ளு என்றார். பையன் அசையவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். ஒரு பந்தி இருக்கைக்காக ஒரு பிள்ளையின் உயிர் போனது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1956 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சந்திரசேகர ஐயர். அந்த மனிதர் இடைக்கிடை தள்ளாடியது உண்மைதான். ஆனால் தானாகவே நடந்து வந்தார், விளங்கும்படி பேசினார், தனக்கான இடத்தைத் தானே தெரிவு செய்தார். சுட்ட பிறகு தப்பியோடப் பார்த்தார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். தன் செயல் இன்னதென்று அறியாத ஆள் ஏன் ஓடவேண்டும்? கொலைக்குற்றமும் ஆயுள் தண்டனையும் உறுதியாயின. குடித்திருந்ததும் முன்பகை இல்லாததும் ஏற்கெனவே கீழ் நீதிமன்றத்தில் தூக்கிலிருந்து அவரைக் காப்பாற்றியிருந்தன. அதற்கு மேல் சலுகை கிடைக்கவில்லை.

நோர்வேயின் சட்டம் இன்னும் கறாரானது. 2015 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, தானாக வருவித்துக்கொண்ட வெறியினால் ஒருவருக்கு நிலைமை விளங்காமல் போனால், அவர் தெளிவாக இருந்தவர் போலவே மதிப்பிடப்படுவார். பதினைந்து வயது நிரம்பிய எவருக்கும் இது பொருந்தும். வாகனச் சட்டமும் அப்படித்தான். 1936 இலேயே ஓட்டுநரின் இரத்தத்தில் மதுவுக்கு 0.5 புரோமில் என்று எல்லை வைத்த நாடு இது. 2001 இல் அதை 0.2 ஆக்கியது. பொலிஸ் விசாரணை வரக்கூடும் என்று தெரிந்தால், வண்டியை நிறுத்தி ஆறு மணி நேரத்துக்குக் குடிக்கவும் கூடாது. "வீட்டுக்கு வந்த பிறகுதான் குடிச்சனான்" என்ற சாட்டை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள்.

இது அநியாயம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் எல்லாரும் குடிகாரருக்குப் பரிந்து பேசுபவர்கள் அல்லர். மனதில் இல்லாத நோக்கத்தை எப்படி ஒருவர்மேல் சுமத்துவது என்று கேட்கிறார்கள். கனடாவில் இந்த இழுபறி 1994 இலிருந்து நடந்தது. உச்ச நீதிமன்றம் அளவுகடந்த வெறிக்கு ஒரு வாசலைத் திறந்தது. அடுத்த வருடம் பாராளுமன்றம் அடைத்தது. 2022 இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. சில வாரங்களில் பாராளுமன்றம் வேறொன்றை இயற்றியது. கேள்வி இலேசானதல்ல. ஆனாலும் நான் நோர்வேயின் பக்கம்தான் நிற்பேன். முதல் கிளாசை எடுத்த கை தெளிவான கை.

இளையவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வெறியில் குற்றம் செய்தவரைத் தெளிவானவராகப் பார்க்கும் இதே சட்டம், குடித்து நினைவிழந்து கிடக்கும் பெண்பிள்ளையை அப்படிப் பார்ப்பதில்லை. எதிர்க்க முடியாத நிலையில் இருப்பவரோடு உறவு கொள்வது இங்கே பாலியல் வல்லுறவு. எங்கள் ஊர்வாய் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. அவனுக்கு "வெறியில செய்திட்டான்", அவளுக்கோ "ஏன் குடிச்சவள்?"

வேதாகமத்தில் உரியாவின் கதையை நினைத்துப் பாருங்கள் (2 சாமுவேல் 11). தன் பாவத்தை மறைக்கத் தாவீது அவனுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப் பண்ணினான். வெறித்தால் வீட்டுக்குப் போவான், மனைவியோடு இருப்பான் என்பது திட்டம். உரியா போகவில்லை. தோழர்கள் போர்க்களத்தில் வெளியே படுத்திருக்கையில் தான் வீட்டுக்குப் போவதில்லை என்று தெளிவில் எடுத்த முடிவை, வெறியிலும் காத்துக்கொண்டான். அவனைக் கொல்லும்படி கடிதம் எழுதியவன் தெளிவாக இருந்த ராஜா. உரியாவுக்குக் குடிக்கக் கொடுத்தவனும் அந்த ராஜாதான் என்பதை, கொண்டாட்டங்களில் "இன்னும் ஒண்டு போடு, தம்பி" என்று ஊற்றிக் கொடுக்கும் மாமாமார் கவனிக்கவேண்டும்.

குடி ஒரு நோயாகவும் ஆகிவிடும், மறுக்கவில்லை. நோயாளிக்கு வைத்தியம் வேண்டும், சபையின் பொறுமையும் வேண்டும். ஆனால் அவர் வீட்டில் அடி வாங்குகிறவருக்கு அது பதிலாகாது. சண்டைக்கு மறுநாள் மூப்பர்கள் போய் "மன்னிச்சு விடுங்கோ, பிள்ளை" என்று சொல்லிவிட்டு வருவதை நான் ஏற்கமாட்டேன். மன்னிப்பது அவளுடைய உரிமை. அவளுக்குப் பதிலாக நாங்கள் கொடுக்க முடியாது. குடும்பத்துக்குள் தொடர்ந்து துன்புறுத்துவது 282ஆம் பிரிவின் கீழ் ஆறு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். மனைவி முறைப்பாடு செய்யாவிட்டாலும் பொலிஸ் வழக்கைக் கொண்டுபோகலாம். அப்படி ஒன்று நடக்கிறது, தொடரும் என்று திட்டமாகத் தெரிந்தும் தடுக்க முயலாதவரை 196ஆம் பிரிவு பிடிக்கும். இரகசியம் காக்கும் கடமையுள்ள போதகரும் இதற்கு விலக்கல்ல.

வன்முறை, பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பேச நாடு முழுவதற்குமான தொலைபேசி இலக்கம் 116 006. அவசரமென்றால் 112. பிள்ளைகளும் அழைக்கலாம்.