கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா?

"பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெரியோர் சொல்லைப் போற்றத்தான் வேண்டும். ஆனால், "அது எப்படி?" என்று கேட்கும் மாணவியை வாயாடி என்று ஒதுக்குவது முறைதானா? ஓர் எண்ணின் கதையைக் கொண்டு எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

2ஐ 67 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் 1ஐக் கழித்தால் கிடைப்பது 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். இது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண் என்று 1644இல் எழுதினார் மரின் மெர்சென். பிரான்ஸ் நாட்டவரான அவர், பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபைத் துறவி. அக்கால அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் கூற்றைத் தவறென்று எவரும் நிறுவவில்லை.

1876இல் எதுவார் லூக்கா என்ற கணித அறிஞர் அது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆயினும், எந்த எண்களால் வகுபடும் என்று அவரால் காட்ட இயலவில்லை. அதைக் காட்டியவர் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் வெளியிட்ட விடை இது: 193707721 × 761838257287. ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தாராம். இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன என்று பின்னர் கூறினாராம்.

கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆயின. சரிபார்க்கவோ ஒரு தாளும் பென்சிலும் போதும்! எட்டாம் வகுப்பு மாணவியும் பெருக்கிப் பார்க்கலாம். அதற்கு நேரமில்லையெனில் இலக்கங்களையாவது கூட்டிப் பாருங்கள். முதல் எண்ணுக்கு 37; 3+7=10; 1+0=1. இரண்டாவதற்கு 64, அதுவும் 1இல் முடியும். பெருக்குத் தொகைக்கு 109, அதுவும் 1. 1×1=1, பொருந்துகிறது! இது பொருந்துவதால் மட்டும் விடை சரியென்று ஆகிவிடாது. பொருந்தாவிட்டால் தவறு என்பது உறுதி. ஆகவே நாங்கள் முழுவதும் பெருக்கியே பார்த்தோம். கோல் பேராசிரியர் என்பதற்காக அன்று, விடை சரியாக வந்ததால் நம்புகிறோம்.

இதனால் மெர்சென் அடிகளாருக்கு இழுக்கு வந்ததா? இல்லை. அவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. 2024இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் ஒரு மெர்சென் எண்ணே. பிழை திருந்தியது; பெயர் நிலைத்தது.

எனவே, அன்புப் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, அருட்சகோதரிகளே! நாங்கள் "எப்படி?" என்று கேட்கும்போது அதை எதிர்ப்பேச்சாக எண்ணாதீர்கள். உண்மையைத் தேடுகிறவர் இறைவனையே தேடுகிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தவர்கள் நீங்கள் அல்லவா?

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. கேள்வி கேட்பதோடு நின்றுவிடாமல், பென்சிலை எடுத்துப் பெருக்கியும் பார்ப்போம்!