நின்ற பின்பே கை வைப்போம்

1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியபின், இவ்வட்டாரத்தில் மின்சார மோட்டாரை அறியாதார் இலர். ஆயினும் ஸ்விட்சை அணைத்தவுடன் இயந்திரம் நின்றுவிடுவதில்லை. பாவு சுற்றும் உருளையும் நெல் அரைக்கும் இயந்திரமும் முன்பெற்ற வேகத்தால் மேலும் சில நொடிகள் சுழலும். அறுந்த இழையைப் பிடிக்க நீளும் விரலுக்கு அந்நொடிகளே ஆபத்து.

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில், விலைப்புள்ளியில் ‘பிரேக்’ என்னும் வரி அடிக்கப்பட்டிருக்கக் காண்கிறேன். இது சிக்கனமன்று.

மின்சாரம் பாய்ந்தால் மட்டுமே பிடிக்கும் பிரேக், மின்தடையின்போது உதவாது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் பிடித்து, மின்சாரத்தால் விடுபடும் பிரேக்கே தக்கது. மின்சாரம் நின்றால் அது தானே பிடித்துக்கொள்ளும். வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியுள்ள மோட்டாரில், பிரேக்கின் காந்தச் சுருளுக்குத் தனி மின்வழி வேண்டும். இன்றேல் குறைந்த வேகத்தில் பிரேக் முற்றும் விடாமல் உராய்ந்து தேயும். பொருத்துபவர் உரிமம் பெற்றவராக இருத்தல் அவசியம்.

பிரேக் இருப்பினும், பழுது பார்க்கையில் பிரதான ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இலாபத்தில் பங்குபெறும் அங்கத்தினரே இயந்திரத்தின் முன் நிற்பவரும் ஆவார் என்பதை நிர்வாகக் குழுவினர் மறவாதிருப்பாராக.